கொழுந்து லொறியின் இஞ்சினைக் கழுவும் கைகளுக்கும் கணக்கு வேண்டும்

கொழுந்து லொறி ஒரு நாள் நின்றுபோனால் அதன் பாரம் முதலில் விழுவது கொழுந்து எடுக்கும் பெண்களின் தலையில்தான். நிறுத்த கொழுந்து மடுவத்திலேயே கிடக்கும். சாக்குக்குள் சூடேறிச் சிவக்கும். பெக்டரிக்குப் போய்ச் சேர்ந்ததும் தரம் குறைந்துவிட்டது என்பார்கள். அடுத்த நாள் மலையில் கழிவு கூட வெட்டப்படும். மாலை நிறுவைக்காகக் கூடையோடு காத்து நின்ற நேரம் யாருடைய கணக்கிலும் ஏறாது.

ஆகவே லொறி ஏன் நின்றது, அதை யார் திருத்துகிறார், எப்படித் திருத்துகிறார் என்பது டிரைவருக்கும் கராஜ்காரருக்கும் மட்டும் உரிய பேச்சு அல்ல. மலையில் நிற்பவர்களும் லயத்தில் இருப்பவர்களும் கேட்க வேண்டிய கேள்வி அது. இந்தக் கட்டுரை அந்த வேலையின் மிகச் சிறிய பகுதியாகக் கருதப்படும் இரண்டு காரியங்களைப் பற்றியது. இஞ்சினைப் பிரிக்கும் முன் கூலண்டை வடிப்பது ஒன்று. பிரித்த சாமான்களைக் கழுவிச் சுத்தம் செய்வது மற்றொன்று. இவை இரண்டும் "சும்மா கழுவுற வேலை" என்று சொல்லப்படுகின்றன. அந்தச் சொல்லுக்குள்தான் நம் பிள்ளைகளின் சம்பளமும் உடம்பும் போய் மறைகின்றன.

இந்த வேலையை யார் செய்கிறார் என்று பாருங்கள். பாஸ் வருவார், ஸ்பெனரைப் பிடிப்பார், போவார். லொறிக்கு அடியில் படுத்துத் தண்ணீர் திறப்பவர், மண்ணெண்ணெய்ப் பேசினுக்கு முன் நாள் முழுக்கக் குந்தி இருப்பவர், பாடசாலையை விட்டு நின்ற ஒரு தோட்டத்துப் பையன். சில இடங்களில் அவன் பெயர் செக்ரோலில் இருக்கும், ஆனால் மலை வேலைக்கான பேராக இருக்கும். பல இடங்களில் அதுவும் இல்லை. மாலையில் கைக்காசு. கையுறை கிடையாது, கண்ணாடி கிடையாது, மாற்று உடுப்பும் கிடையாது.

முதலில் கூலண்டைப் பார்ப்போம். மலைநாட்டில் லொறி ஓட்டுவது சமதரையில் ஓட்டுவது போன்றதல்ல. கொழும்பில் தண்ணீர் 100 பாகையில் கொதிக்கும். ஏறத்தாழ 1,870 மீற்றர் உயரத்தில் இருக்கும் நுவரெலியாவில் அதே தண்ணீர் சுமார் 94 பாகையிலேயே கொதித்துவிடும். பாரம் ஏற்றிக்கொண்டு சின்ன கியரில் மெதுவாக ஏறும் லொறிக்குக் காற்றும் குறைவு, சூடும் அதிகம். அதனால்தான் ரேடியேட்டர் மூடி வெறும் மூடியாக இல்லாமல், உள்ளே அழுத்தத்தைப் பிடித்து வைக்கும் மூடியாகச் செய்யப்பட்டிருக்கிறது. அழுத்தம் இருக்கும்வரை தண்ணீர் கொதிக்கும் அளவு இருபது பாகைக்கு மேல் கூடும். இஞ்சின் தாங்குவது அதனால்தான்.

இதே காரணத்தால்தான் சூடான இஞ்சினின் மூடியைத் திறப்பது ஆபத்து. அழுத்தம் போன அந்த நொடியில், கொதிக்காமல் அடங்கி இருந்த தண்ணீர் எல்லாம் ஒரேயடியாகக் கொதித்து மேலே பாயும். முகம், கழுத்து, நெஞ்சு வெந்துபோகும். "துணியைப் போட்டுத் திறந்தால் ஒன்றும் ஆகாது" என்பது தப்பான நம்பிக்கை. துணி வழியாகவும் அந்தத் தண்ணீர் வரும். மேல் குழாயை வெறுங்கையால் பிடித்துப் பிடியை விடாமல் இருக்க முடிகிறதா என்று பார்க்க வேண்டும். முடியாவிட்டால் இன்னும் நேரம் ஆகவில்லை. கொழுந்து காத்திருக்கிறது என்று மேலிருந்து யார் அவசரப்படுத்தினாலும் இந்த விதியை மாற்ற முடியாது. சூடான இஞ்சினில் குளிர்ந்த பீலித் தண்ணீரை ஊற்றுவதும் அப்படித்தான். ஹெட்டோ புளொக்கோ வெடிக்கும். ஒரு மணித்தியாலத்தை மிச்சம் பிடிக்கப் போய் ஒரு மாத வேலையை இழுத்துக்கொள்வதாகும்.

அடுத்தது, அந்தத் திரவம் என்ன என்பது. கூலண்ட் என்று கேனில் வாங்குவதில் பெரும்பாலும் எதிலீன் கிளைக்கோல் என்ற இரசாயனமும் துருப்பிடிக்காமல் காக்கும் மருந்துகளும் உண்டு. பச்சை, சிவப்பு, இளஞ்சிவப்பு என்று நிறம் கலந்திருக்கும். பார்ப்பதற்குச் சர்பத் போல இருக்கும். சுவை இனிப்பு. அதுதான் பயங்கரம். தண்ணீர் கலக்காத எதிலீன் கிளைக்கோல் வளர்ந்த ஒருவரின் உயிரைப் போக்க சுமார் 100 மில்லிலீற்றர் போதும். அது ஒரு கோப்பை தேத்தண்ணியிலும் குறைவு. சின்னப் பிள்ளைக்கு ஓரிரு வாய் போதும். வடித்த கூலண்டை அகலப் பேசினில் திறந்து வைத்துவிட்டுப் போனால் நாய் குடிக்கும், கோழி குடிக்கும். சோடாப் போத்தலில் ஊற்றி லயத்து மூலையில் வைத்தால் பிள்ளை குடிக்கும்.

குடித்தவருக்கு முதலில் வருவது போதை போன்ற தள்ளாட்டம். பேச்சுக் குழறும், வாந்தி வரும். நம் லயங்களில் ஒருவர் தள்ளாடினால் "குடித்துவிட்டான், தூங்கட்டும்" என்று விடுவது வழக்கம். அப்படி விட்டால் உயிர் போகும். உடம்புக்குள் அந்த இரசாயனம் அமிலமாக மாறி, ஓரிரு நாட்களில் சிறுநீரகத்தை அடைத்துவிடும். நேரத்தோடு வைத்தியசாலைக்குப் போனால் மாற்று மருந்து உண்டு, காப்பாற்றலாம். வீட்டில் வாந்தி எடுக்க வைக்க வேண்டாம், எந்தக் கை வைத்தியமும் வேண்டாம். 1990 இலக்கத்துக்கு அழைத்து சுவசெரிய அம்புலன்ஸைக் கூப்பிடுங்கள். கூலண்ட் கேனையும் கையோடு கொண்டுபோய் வைத்தியரிடம் காட்டுங்கள். கொழும்பு தேசிய வைத்தியசாலையில் நச்சுத் தகவல் நிலையம் இருக்கிறது. எதைக் குடித்தார் என்று சரியாகச் சொன்னால் வைத்தியர்கள் அங்கே கேட்டும் செயற்படலாம்.

இனி, வடித்த தண்ணீர் எங்கே போகிறது? பெரும்பாலும் கானுக்குள். கான் ஓடைக்குப் போகும். நோர்வூட், மஸ்கெலியா பக்கத்து ஓடைகள் கெசல்கமு ஓயாவிலும் மஸ்கெலி ஓயாவிலும் சேர்ந்து களனி கங்கையாகின்றன. அந்தக் கங்கையில் அம்பத்தளையில் எடுக்கும் நீரைத்தான் கொழும்பு குடிக்கிறது. நுவரெலியா, தலவாக்கலை பக்கத்துத் தண்ணீர் கொத்மலை ஓயா வழியாக மகாவலிக்குப் போகிறது. ஆனால் கொழும்பு வரைக்கும் போய்ப் பார்க்க வேண்டியதில்லை. லொறிக் கொட்டகைக்குக் கீழே இருக்கும் லயத்துப் பீலிதான் முதலில் அதைக் குடிக்கும். கூலண்ட் மண்ணில் சில கிழமைகளில் மக்கிப்போகும். அதற்குள் ஓடைத் தண்ணீரின் பிராணவாயுவை உறிஞ்சி மீனைக் கொல்லும். அதோடு சேர்ந்து வரும் பழைய எண்ணெய் இலேசில் மக்காது. 1980ஆம் ஆண்டின் 47ஆம் இலக்க தேசிய சுற்றாடல் சட்டம் கழிவை நீர்நிலைகளில் விடுவதைத் தடுக்கிறது. தோட்டத்து ஓடைக்கும் அந்தச் சட்டம் பொருந்தும்.

இப்போது இரண்டாவது காரியம், கழுவுவது. பெற்றோலில் கழுவினால் சீக்கிரம் காயும் என்று பலர் அதைத்தான் கேட்கிறார்கள். பெற்றோலின் ஆவி காற்றை விடக் கனமானது. கொட்டகைத் தரையில் படிந்து ஊர்ந்து போகும். சற்றுத் தள்ளி ஒருவர் பீடி பற்றவைத்தாலும், பெட்டரி வயரில் ஒரு பொறி பறந்தாலும் போதும். பெற்றோலில் பென்சீன் என்ற பொருளும் உண்டு. அது இரத்தப் புற்றுநோய்க்குக் காரணமாகும் என்று உலக அளவில் ஒப்புக்கொள்ளப்பட்டிருக்கிறது. மண்ணெண்ணெயும் டீசலும் பெற்றோலைப் போல உடனே பற்றாவிட்டாலும் தோலில் உள்ள எண்ணெய்ப் பசையை உரித்துவிடும். கை வெடிக்கும், அரிக்கும், புண்ணாகும். அந்த வெடிப்பு வழியாகப் பழைய இஞ்சின் எண்ணெய் உள்ளே போகும். வருடக்கணக்கில் அந்த எண்ணெயில் ஊறிய தோலுக்குப் புற்றுநோய் அபாயம் உண்டு. அதே கையால்தான் அந்தப் பையன் பத்து மணிக்கு ரொட்டி சாப்பிடுகிறான். அவன் உடுப்பும் வீட்டுப் பிள்ளைகளின் உடுப்பும் ஒரே பீலியில், ஒரே கல்லில் துவைக்கப்படுகின்றன. நிர்வாகம் மிச்சம் பிடித்த ஒரு ஓவரோலின் செலவை அம்மாவும் தங்கையும் சுமக்கிறார்கள்.

பழைய கேஸ்கட்டைச் சுரண்டுவதிலும் கவனம் வேண்டும். பழைய லொறிகளின் கேஸ்கட்டிலும் பிரேக் பட்டையிலும் அஸ்பெஸ்டஸ் இருக்கலாம். காய்ந்தபடியே சுரண்டி, கொம்பிரசர் காற்றால் ஊதினால் அந்தத் தூள் நெஞ்சுக்குள் போகும். ஈரமாக்கிச் சுரண்ட வேண்டும். ஊதுவதற்குப் பதில் ஈரத் துணியால் துடைக்க வேண்டும்.

இதுவரை சொன்னது உடம்பைப் பற்றி. இனி வேலையைப் பற்றிச் சொல்ல வேண்டும். "கழுவுறதுக்கு என்ன படிப்பு?" என்று கேட்பவர்களுக்கு இது பதில்.

ரேடியேட்டரின் அடித் திறப்பை மட்டும் திறந்தால் கூலண்ட் முழுதும் வடியாது. இஞ்சின் புளொக்கில் வேறொரு திறப்பு இருக்கும். அதையும் திறக்காமல் ஹெட்டைத் தூக்கினால் மிச்சத் தண்ணீர் சிலிண்டருக்குள்ளும், அங்கிருந்து கீழே எண்ணெய்த் தொட்டிக்குள்ளும் இறங்கும். எண்ணெய் பால் தேத்தண்ணி நிறமாகும். அந்த எண்ணெயோடு ஓட்டினால் பெயாரிங் தேய்ந்துபோகும். அதனால் தெரிந்தவர் வடித்த தண்ணீரை அளந்து பார்ப்பார். லொறிப் புத்தகத்தில் சொன்ன அளவை விடக் குறைவாக வந்தால் மிச்சம் உள்ளே இருக்கிறது என்று அவருக்குத் தெரியும். வடித்ததின் நிறத்தையும் பார்ப்பார். துரு நிறமா, எண்ணெய் மிதக்கிறதா, அடியில் மண்டி இருக்கிறதா? எண்ணெய் மிதந்தால் ஹெட் கேஸ்கட்டைச் சந்தேகிப்பார். துருவாக இருந்தால் வெறும் ஓடைத் தண்ணீர் ஊற்றி ஓட்டியிருக்கிறார்கள் என்று சொல்லிவிடுவார். ஒரு வைத்தியர் இரத்தம் பார்ப்பதைப் போன்றது அது.

கழுவுவதிலும் அப்படித்தான். ஹெட் போல்ட் இறங்கும் துளைகளில் கொஞ்சம் தண்ணீரோ எண்ணெயோ தங்கியிருந்தால், போல்ட்டை இறுக்கும்போது அது வெளியே போக வழியில்லாமல் புளொக்கையே பிளந்துவிடும். துளையைத் துடைத்துக் காயவைப்பது கழுவுபவரின் பொறுப்பு. அலுமினியப் பாகத்தைக் கடுமையான சோடாக் காரத்தில் போட்டால் அரித்துப்போகும். இரும்பைச் சுரண்டும் கூர்மையான தகடு அலுமினியத்தில் கோடு போடும். அந்தக் கோடு வழியாகத் தண்ணீர் கசியும். வால்வு, புஷ் ரொட், பெயாரிங் மூடி எல்லாம் எந்த இடத்திலிருந்து வந்தனவோ அந்த இடத்துக்கே திரும்ப வேண்டும். வரிசை மாறாமல் கழுவி, வரிசை மாறாமல் அடுக்கி வைக்க வேண்டும். ஒரு நூல் துணியோ, சுரண்டிய ஒரு துண்டோ எண்ணெய் ஓட்டையில் அடைத்தால், புதிதாகப் போட்ட சாமான் சில நாட்களிலேயே நாசமாகும். லொறி மறுபடியும் மலைப்பாதையில் நிற்கும். மடுவத்தில் கொழுந்து மறுபடியும் சிவக்கும்.

இவ்வளவையும் தெரிந்து வைத்திருப்பவர் "கையாள்" என்றால் திறமைசாலி யார்? லொறி மறுபடி ஓடினால் பெயர் பாஸுக்கு. ஓடாவிட்டால் "பொடியன் சரியாகக் கழுவவில்லை" என்று பழி கழுவியவருக்கு. பழி சுமக்கும் அளவுக்கு முக்கியமான வேலை, கூலி என்று வரும்போது மட்டும் முக்கியமில்லாமல் போவது எப்படி?

இதற்கு எதிராகச் சொல்லப்படும் மூன்று வாதங்களை நாம் நேராகச் சந்திக்க வேண்டும்.

முதலாவது நிர்வாகத்தின் வாதம்: பணம் இல்லை. ஒரு சோடி இரசாயனக் கையுறை, ஒரு கண்ணாடி, மூடியுள்ள இரண்டு பீப்பா, ஒரு ஓவரோல், ஒரு கட்டிச் சவர்க்காரம். இவை எல்லாம் சேர்ந்தாலும் ஒரு ஹெட்டைத் தட்டையாக்கும் செலவுக்குக் கிட்டவும் வராது. பணம் இல்லாமையால் வாங்கவில்லை என்பதை விட, கேட்பவர் இல்லாமையால் வாங்கவில்லை என்பதே பொருத்தம்.

இரண்டாவது நம்மவர்கள் சிலரின் வாதம்: "நாங்கள் இருபது வருடமாக வெறுங்கையால்தான் கழுவுகிறோம், என்ன ஆகிவிட்டது?" இந்த வாதத்தை அனுபவத்துக்கு மதிப்புக் கொடுத்தே மறுக்க வேண்டும். மண்ணெண்ணெயும் பழைய எண்ணெயும் செய்யும் கேடு பாம்புக்கடி போல உடனே தெரிவதில்லை. தோல், நுரையீரல், இரத்தம் மெல்ல மெல்லத்தான் கெடும். கெட்ட பின் எந்த வேலையால் கெட்டது என்று நிரூபிக்க ஒரு துண்டுக் காகிதமும் இருக்காது. நாம் கவலைப்பட வேண்டியது அதற்காகத்தான்.

மூன்றாவது வாதம் மிகவும் கனமானது: சம்பளமும் காணியும் வீடும் தீராமல் கிடக்கும்போது கையுறையைப் பற்றி ஒரு கட்டுரையா? இந்தக் கேள்வியில் நியாயம் இருக்கிறது. அந்தப் போராட்டங்களை இதற்காக யாரும் நிறுத்தச் சொல்லவில்லை. ஆனால் நாட்சம்பளம் எவ்வளவு உயர்ந்தாலும் அதைப் போய் வாங்க உடம்பு வேண்டும். நம்மிடம் அடகு வைக்கவும் விற்கவும் இருப்பது அந்த உடம்பு ஒன்றுதான். மேலும் காணிக்கு அரசாங்கம் அசைய வேண்டும், சம்பளத்துக்குச் சம்பளச் சபை கூட வேண்டும். லொறிக் கொட்டகையில் ஒரு மூடிய பீப்பா வைப்பதற்கு ஒரு தோட்டக் கமிட்டி மனது வைத்தால் போதும். நம் கைக்கு எட்டும் காரியத்தைச் செய்து காட்டினால் எட்டாத காரியத்துக்கான பலமும் கூடும்.

சட்டம் நம் பக்கம் இல்லாமல் இல்லை. 1942ஆம் ஆண்டின் 45ஆம் இலக்க தொழிற்சாலைகள் கட்டளைச்சட்டம் தேயிலைத் தொழிற்சாலைக்குப் பொருந்துகிறது. அந்த வளவிலேயே லொறி பிரித்துப் பூட்டப்படும்போது அதே பாதுகாப்பைக் கேட்பது நியாயம். தொழில் திணைக்களத்தில் தொழிற்சாலைகளைப் பரிசோதிக்கும் பொறியியலாளர்கள் இருக்கிறார்கள். வேலையின்போது காயப்பட்டால் 1934ஆம் ஆண்டின் 19ஆம் இலக்க வேலையாட்கள் நட்டஈட்டுக் கட்டளைச்சட்டத்தின் கீழ் நட்டஈடு கேட்கலாம். 1958ஆம் ஆண்டின் 15ஆம் இலக்க ஊழியர் சேமலாப நிதிச் சட்டம் தற்காலிக வேலையாளையும் ஒதுக்கிவிடவில்லை. தொழிலாளி நூற்றுக்கு 8, தொழில்கொள்வோர் நூற்றுக்கு 12 என்று குறைந்தபட்சப் பங்கு அவனுக்கும் கட்டப்பட வேண்டும். ஆனால் பெயர் எங்கும் எழுதப்படாதவனுக்காக வாதாடுவது கடினம். சுடுதண்ணீர் பட்டு வெந்தவனைப் பார்த்து "அவன் எங்கள் ஆள் இல்லை, சும்மா நின்றவன்" என்று சொல்ல அந்தக் கைக்காசு வழி செய்கிறது. அதனால்தான் கையுறைக்கு முன்னால் பெயரைக் கேட்க வேண்டும்.

நம் கோரிக்கைகள் இவை:

1. லொறி திருத்த வேலையில் ஈடுபடும் ஒவ்வொருவரின் பெயரும் செக்ரோலில், அவர் செய்யும் வேலையின் பெயரோடு பதியப்பட வேண்டும். சேமலாப நிதியும் நம்பிக்கை நிதியும் கட்டப்பட வேண்டும்.

2. கையுறை, கண்ணாடி, ஓவரோல், சவர்க்காரம் ஆகியவற்றை நிர்வாகம் கொடுக்க வேண்டும். எண்ணெய் பட்ட உடுப்பைத் துவைக்கப் பீலிக்கு அப்பால் வேறு இடம் ஒதுக்க வேண்டும்.

3. வடித்த கூலண்டுக்கும் பழைய எண்ணெய்க்கும் வெவ்வேறு மூடிய பீப்பாக்கள் வைத்து, மேலே தமிழிலும் சிங்களத்திலும் "நஞ்சு" என்று எழுத வேண்டும். சோடாப் போத்தலில் ஊற்றுவது அடியோடு நிறுத்தப்பட வேண்டும். கானில் ஒரு துளியும் விடக்கூடாது.

4. சாமான் கழுவப் பெற்றோல் கொடுக்கக்கூடாது.

5. பல வருடம் இந்த வேலை செய்தவர்களுக்குத் தேசிய தொழில் தகைமைச் சான்றிதழ் பெற வழி செய்ய வேண்டும். முன்கற்றலை அங்கீகரிக்கும் முறையின் கீழ், வகுப்புக்குப் போகாமல் கையில் கற்றவர்களும் பரீட்சிக்கப்பட்டு இந்தச் சான்றிதழைப் பெறலாம். பரீட்சைக்குப் போகும் நாளுக்குப் பேர் போட வேண்டும். சான்றிதழ் வந்தபின் மெக்கானிக் சம்பளம் கொடுக்க வேண்டும்.

6. லொறி பழுதால் கொழுந்து காத்துக் கிடந்த நாளில் அதற்காகக் கழிவு வெட்டக்கூடாது. லொறியைப் பராமரிப்பது நிர்வாகத்தின் வேலை. அதன் தவறுக்குக் கொழுந்து எடுப்பவர் அபராதம் கட்ட முடியாது.

தலைவர்மார்களிடமும் மாதர் தலைவிகளிடமும் ஒரு வேண்டுகோள். அடுத்த கமிட்டிக் கூட்டத்துக்கு முன் ஒரு தடவை லொறிக் கொட்டகைக்குப் போய் வாருங்கள். அங்கே நிற்கும் தம்பியிடம் மூன்று கேள்வி கேளுங்கள். உன் பெயர் செக்ரோலில் என்ன வேலைக்கு எழுதியிருக்கிறது? வடித்த தண்ணீரை எங்கே ஊற்றுகிறாய்? உன் கையைக் காட்டு, பார்ப்போம். பதில்களைத் திகதியோடு ஒரு கொப்பியில் எழுதி வையுங்கள். காயம் பட்டால் அன்றைக்கே துரைக்கு எழுத்தில் கொடுத்து, பிரதி ஒன்றைச் சங்கக் காரியாலயத்துக்கு அனுப்புங்கள். வாயால் சொன்னது காற்றோடு போகும். எழுதியது நாளைக்கு ஆணையாளர் முன்னால் பேசும்.

வீட்டில் அப்படி ஒரு பிள்ளை இருக்கும் தாய்மாருக்கும் ஒன்று சொல்ல வேண்டும். "கராஜ் வேலை கற்றுக்கொள்கிறான், பிழைத்துக்கொள்வான்" என்ற உங்கள் நம்பிக்கை வீணானதல்ல. மலைக்கு வெளியே ஒரு தொழிலைத் தேடும் பிள்ளைக்கு அது நல்ல வழி. அந்த வழியில் அவன் கையும் நெஞ்சும் கெடாமல் போகட்டும், கற்ற வேலைக்கு அவன் பேரில் ஒரு சான்றிதழும் இருக்கட்டும். அதைக் கேட்டு வாங்கிக் கொடுப்பதற்குத்தான் சந்தாக் கட்டும் இந்தச் சங்கம் இருக்கிறது.